நன்றாக நடப்பவருக்கு அந்த நீலக் கட்டம் எதற்கு?

கிருஷ்ணகிரியிலிருந்து 63 வயதான ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவர் வக்கீலான எனக்கு நான்கு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றிவிட்டு, விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு அவர் மனைவிக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பிசியோதெரபிக்குப் பிறகு வீட்டுக்குள் சுவரைப் பிடித்து நாலு அடி நடக்கிறார். வெளியே போனால் சக்கர நாற்காலிதான். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்கு அழைத்துப்போவது வழக்கம். போன் செய்தால் சாமான் வீட்டுக்கே வந்துவிடும். ஆனாலும், "தக்காளியைத் தன் கையால் பொறுக்கி எடுத்தால்தான் அவளுக்குத் திருப்தி, ராயக்கோட்டைக்காரி சார்" என்று, தக்காளிக்குப் பேர்போன அந்த ஊரைச் சொல்லி எழுதியிருக்கிறார்.

கடை வாசலை ஒட்டி இரண்டு கட்டங்கள் வரைந்திருக்கிறார்கள். ஒன்றில் சக்கர நாற்காலிப் படம், பக்கத்துக் கட்டத்தில் தாயும் குழந்தையும். முதல் கட்டம் காலியாக இருந்து இவர் பார்த்ததே அபூர்வம். டெலிவரி வேன் நிற்கும், ட்ராலிகள் நிற்கும், மாங்காய் சீசனில் பிளாஸ்டிக் கிரேட்டுகள் அடுக்கியிருக்கும். சில நாள் பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் நிற்கும். செக்யூரிட்டியிடம் கேட்டால், "ரெண்டு நிமிஷம் சார்."

போன ஏப்ரலில் ஒரு நாள் அங்கே ஒரு கார் நின்றிருந்தது. அதிலிருந்து முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருவர் இறங்கி, பின்கதவைத் திறந்து எட்டு ஒன்பது வயதுப் பையனைக் கையைப் பிடித்து இறக்கி, விறுவிறுவென்று கடைக்குள் போய்விட்டார். இவர் தன் காரை அந்தக் காருக்குப் பின்னால் குறுக்கே நிறுத்திவிட்டார். அந்தப் பெண் திரும்பி வந்ததும், "நல்லாத்தானே நடக்குற, உனக்கு எதுக்கு இந்த இடம்?" என்று கேட்டிருக்கிறார். பையனுக்கு ஆட்டிசம் என்று அவர் சொன்னதற்கு, "இப்பல்லாம் எல்லாரும் ஒரு சர்டிபிகேட் வெச்சிருக்கீங்க" என்று பதில். பையன் காதைப் பொத்திக்கொண்டு கத்த ஆரம்பித்துவிட்டான். கூட்டம் கூடிவிட்டது. கிட்டத்தட்ட முக்கால் மணி நேரம் காரை நகர்த்தாமல், நம்பர் பிளேட்டும் அந்தப் பெண்ணின் முகமும் பையனின் முகமும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து, "ஊனமுற்றோர் இடத்தைத் திருடும் படித்தவர்கள்" என்று எழுதிக் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார். அது சுற்றிச் சுற்றி, ஆசிரியையான அந்தப் பெண் வேலை செய்யும் பள்ளிவரை போய்விட்டது. இப்போது அவர் போலீஸில் புகார் கொடுக்கப்போவதாகத் தகவல்.

இவர் கேட்பது மூன்று. அந்தக் கட்டத்தை யார் பயன்படுத்தலாம்? ஒழுங்காக நடக்கிறவர் நிறுத்தினால் ஜெயில் என்று படித்தேனே, அது எந்தப் பிரிவு, அதில் வழக்குப் போட முடியுமா? அவர் புகார் கொடுத்தால் எனக்கு என்ன ஆகும்?

ஐயா, கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அன்று அம்மா காரை விட்டு இறங்கவே இல்லை. வீட்டுக்கு வந்தபின், "இனிமே என்னைக் கூப்பிடாதீங்க, என்னால ஊர்ல எல்லாரோடயும் சண்டை" என்றாராம். உங்கள் கோபம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு நன்றாகவே புரிகிறது. மாதத்துக்கு ஒரு நாள் வெளியே வருகிறவருக்கு அந்த ஒரு நாளும் பார்க்கிங்கிலேயே முடிந்துபோனால் யாருக்குத்தான் கோபம் வராது? உங்கள் புகாரில் முக்கால்வாசி நியாயம் இருக்கிறது. மீதிக் கால்வாசி உங்களுக்கே வம்பாக முடியலாம் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

முதலில் போனை எடுங்கள்

இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் போட்டோவைக் குழுவிலிருந்து நீக்கப் பாருங்கள். நாளாகிவிட்டதால் எல்லோருடைய போனிலிருந்தும் போகாது. அப்படியானால், "அந்தப் படத்தை நான் போட்டது தவறு, அந்தக் குழந்தை மாற்றுத்திறனாளி, யாரும் பகிர வேண்டாம், வைத்திருப்பவர்கள் அழித்துவிடுங்கள்" என்று அதே குழுவில் உங்கள் பெயரிலேயே எழுதுங்கள். வக்கீல் சொன்னார் என்று எழுத வேண்டாம்.

ஏன் இந்த அவசரம்? ஒருவரைத் திருடர் என்று நாலு பேர் படிக்கும்படி எழுதுவது அவதூறு. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356வது பிரிவில் இதற்கு 2 வருடம் வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. இதில் போலீஸ் தானாக வழக்குப் பதிய முடியாது, அவர் மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகார் கொடுக்க வேண்டும். உண்மையைத்தான் எழுதினேன் என்று தப்பிக்கப் பார்த்தால், எழுதியது உண்மையாகவும் இருக்க வேண்டும், பொது நன்மைக்காகவும் இருக்க வேண்டும். இங்கே முதலாவதே இடிக்கிறது.

அடுத்து, காரைக் குறுக்கே நிறுத்தியது. ஒருவர் போக உரிமையுள்ள வழியில் போகவிடாமல் மறிப்பது அதே சட்டத்தின் 126வது பிரிவு. ஒரு மாதம் வரை காவல் அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "காரைத்தானே மறித்தேன், அவர் நடந்து போயிருக்கலாமே" என்று உங்கள் தரப்பில் வாதாடலாம். நானே அப்படி ஒரு வழக்கில் வாதாடியிருக்கிறேன். ஆனால் கத்திக்கொண்டிருக்கும் குழந்தையுடன் ஏப்ரல் வெயிலில் முக்கால் மணி நேரம் நின்ற தாயைப் பார்த்து அந்த வாதத்தை நீதிபதி எந்த முகத்தோடு கேட்பார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதுதான் எனக்குக் கவலை. நீங்கள் தேடிக்கொண்டிருக்கும் ஜெயில் பிரிவு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இல் இருப்பது உண்மைதான். அது 92வது பிரிவு. ஆனால் அதில் பார்க்கிங் பற்றி ஒரு வார்த்தையும் கிடையாது. பொதுமக்கள் பார்வையில், மாற்றுத்திறனாளி ஒருவரை அவமானப்படுத்தும் நோக்கத்தோடு வேண்டுமென்றே இழிவுபடுத்துவதும் மிரட்டுவதும் அந்தப் பிரிவில் குற்றம். குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 5 வருடம் சிறை, அபராதம் தனி. ஆட்டிசம் அந்தச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கும் 21 வகைகளில் ஒன்று. அந்தப் பெண்மேல் போடலாமா என்று நீங்கள் கேட்ட பிரிவு, இருக்கிற நிலையில் உங்கள் பக்கம்தான் திரும்பி நிற்கிறது.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. உங்கள் கோபம் தாய்மீதுதான், குழந்தையை அவமானப்படுத்தும் நோக்கம் இல்லை என்று காட்ட நிறைய இடம் இருக்கிறது. நோக்கத்தை நிரூபிப்பதும் எளிதல்ல. ஆனாலும் பையனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்த பிறகும் நீங்கள் சொன்ன அந்த சர்டிபிகேட் வாக்கியமும், பையனின் முகம் இருக்கும் போட்டோவும் நல்ல சாட்சிகள் அல்ல. தெரிந்தவர் யாரையாவது நடுவில் வைத்து அந்த ஆசிரியையிடம் நேரில் வருத்தம் தெரிவியுங்கள். பேசும்போது "நீங்க" என்று பேசுங்கள். அன்று "நீ" என்று பேசியதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதுவும் அவர் மனதில் இருக்கும். அவர் புகார் கொடுத்துவிட்டால், ஸ்டேஷனுக்குத் தனியாகப் போகாமல் ஒரு வக்கீலோடு போங்கள்.

சரி, அந்தக் கட்டம் யாருக்கு?

இதைச் சட்டத்திலிருந்து தொடங்குவதைவிட அளக்கும் டேப்பிலிருந்து தொடங்கலாம். மத்திய அரசின் மாதிரிக் கட்டட விதிகள் 2016இல் சொன்ன அளவு இது: கட்டட வாசலிலிருந்து 30 மீட்டருக்குள், ஒவ்வொன்றும் குறைந்தது 3.6 மீட்டர் அகலத்தில், இரண்டு கார் இடங்கள். சாதாரணக் கார் கட்டம் இரண்டரை மீட்டர்தான். மீதி ஒரு மீட்டர் எதற்கு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கதவு முழுக்கத் திறக்க வேண்டும், நாற்காலியை சீட்டை ஒட்டிச் சாய்த்து நிறுத்த வேண்டும், தூக்கி விடுகிறவர் நிற்க ஓர் ஆள் இடம் வேண்டும்.

உங்கள் கடிதம் வந்த வாரம், வேறொரு கடையில் சாமான் வாங்கப் போனபோது டேப் எடுத்துப்போய் அளந்தேன். நாற்காலிப் படம் போட்ட கட்டம் 2.4 மீட்டர். பெயிண்ட் மட்டும் பளிச்சென்று இருந்தது. செக்யூரிட்டி என்னை முனிசிபாலிட்டி ஆள் என்று நினைத்து டீ சொன்னார்.

ஆக, அந்தக் கட்டம் இரண்டு தேவைகளுக்கானது. ஒன்று அகலம், இன்னொன்று வாசலுக்குப் பக்கம். உங்கள் மனைவிக்கு இரண்டும் வேண்டும். அந்தப் பையனுக்கு அகலம் வேண்டாம், பக்கம்தான் வேண்டும். ஆட்டிசம் உள்ள சில குழந்தைகளுக்கு ரிவர்ஸ் எடுக்கும் வண்டியைப் பார்த்தால் ஆபத்து என்று தோன்றாது. கை நழுவினால் ஓடிவிடுவார்கள். அந்தத் தாய் "விறுவிறுவென்று" போனார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். இங்கிலாந்தில் மாற்றுத்திறனாளிகளின் வண்டிகளுக்கு நீல அட்டை என்று ஒன்று தருகிறார்கள். 2019 ஆகஸ்ட் இறுதியிலிருந்து அங்கே வெளியே தெரியாத குறைபாடுள்ளவர்களுக்கும் அதைப் பெற வழி செய்தார்கள். அந்த நாட்டிலேயே இத்தனை நாள் ஆகியிருக்கிறது. நீங்கள் ஒரே பார்வையில் கண்டுபிடிக்கவில்லை என்பதற்காக உங்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அவர் வாயால் சொன்ன பிறகும் நம்பவில்லை, குறை அங்கேதான்.

நம் நாட்டில் அப்படி நாடு முழுவதற்கும் பொதுவான பார்க்கிங் அட்டை கிடையாது. கார் கண்ணாடியில் ஒட்டும் நாற்காலி ஸ்டிக்கருக்குச் சட்ட மதிப்பு எதுவும் இல்லை, ஸ்டிக்கர் கடையில் யார் கேட்டாலும் கொடுப்பார்கள். அடையாளம் என்று காட்ட இருப்பது மாற்றுத்திறனாளி சான்றிதழும், மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டையான யுடிஐடி அட்டையும்தான். அதைக் கடை ஊழியர் மரியாதையாகக் கேட்கலாம், காட்டுவது நல்லது. இன்னொரு வாடிக்கையாளருக்கு அதைக் கேட்க அதிகாரம் இல்லை. உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

"40 சதவீதம் இருந்தால்தான் அந்த இடம்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். நிறைய பேருக்கு இருக்கும் எண்ணம்தான் இது. வேலையில் இடஒதுக்கீடு மாதிரியான சலுகைகளுக்குத்தான் 40 சதவீதக் குறைபாடு என்ற கோடு. கட்டடங்களில் தடையில்லாமல் போய்வருவதைப் பற்றிப் பேசும் பிரிவுகள் அந்தக் கோட்டைப் போடவில்லை. நீண்டகாலக் குறைபாட்டால் மற்றவர்களைப் போலப் புழங்க முடியாதவர் என்றாலே போதும். ஆனால் நடைமுறையில் காகிதம் பேசும். உங்கள் மனைவிக்கு இன்னும் யுடிஐடி அட்டை வாங்கவில்லை என்று தெரிகிறது. பக்கவாதத்தால் வந்த கை கால் முடக்கத்துக்கும் சான்றிதழ் உண்டு. விண்ணப்பித்து, அரசு ஆஸ்பத்திரி மருத்துவக் குழுவிடம் காட்டி வாங்கிவிடுங்கள்.

அப்புறம் அந்த ஸ்கூட்டர். "ஸ்கூட்டரைக்கூட அங்கே விடுகிறார்கள்" என்று வேனோடும் ட்ராலியோடும் சேர்த்து அதையும் குற்றப்பட்டியலில் போட்டிருக்கிறீர்கள். பின்பக்கம் இரண்டு பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் யாருடையது? போலியோவில் கால் போனவர்களுக்கு அரசு கொடுக்கும் வண்டி அது. நம் ஊரில் கார் வைத்திருக்கும் மாற்றுத்திறனாளிகளைவிட அந்த ஸ்கூட்டரில் வருகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். கட்டத்தில் போட்டிருப்பது நாற்காலிப் படம், கார் படம் இல்லை. அவருக்கு முழு உரிமை உண்டு. அவர் ஒருவர் நிறுத்தினால் ஒரு கார் இடமே போய்விடுகிறது என்பதும் உண்மைதான். அதற்குத் தீர்வு, வாசலை ஒட்டி ஸ்கூட்டருக்கென்று தனியாக ஒரு சின்னக் கட்டம். கடைக்கு அரை டப்பா பெயிண்ட் செலவு.

பக்கத்தில் இருக்கும் தாய்-குழந்தைக் கட்டம் வேறு சங்கதி. கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்காரிக்கும் கடையில் பார்க்கிங் ஒதுக்க வேண்டும் என்று கடையைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை. அது கடைக்காரர் தன் இடத்தில் தானாகச் செய்யும் மரியாதை. வைத்த விதியை மதிக்கச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு, வண்டியை நகர்த்தச் சொல்லவும் உரிமை உண்டு. எட்டு மாத வயிற்றோடு ஒரு பெண் நாற்காலிக் கட்டத்தில் நிறுத்தினால்? என் அபிப்பிராயம், தன் கட்டம் காலியாக இருந்தால் அங்கே போக வேண்டும், இல்லாவிட்டால் சத்தம் போடாமல் விட்டுவிட வேண்டும். காலில் மாவுக்கட்டு போட்டவர் விஷயத்திலும் அப்படித்தான். சட்டப்படி அது நீண்டகாலக் குறைபாடு ஆகாது, அதற்காக அவரை வெயிலில் நொண்டவைப்பதும் நியாயம் ஆகாது. வயதானவர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மத்திய அரசு 2016இல் வெளியிட்ட தடையற்ற கட்டட வழிகாட்டியின் தலைப்பிலேயே மாற்றுத்திறனாளிகளோடு முதியோரும் இருக்கிறார்கள். முட்டி தேய்ந்த எழுபது வயதுக்காரர் அங்கே நிறுத்தினால் நான் எதுவும் கேட்கமாட்டேன்.

இப்போது கொஞ்சம் சங்கடமான இடம். மூன்றாவது பக்கத்தில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: "நான் மட்டும் போகும்போதும் அங்கேதான் நிறுத்துவேன், அவளுக்காக வாங்கிய கார்தானே." ஐயா, அந்த உரிமை அம்மாவுடையது, காருடையது அல்ல. அவர் வீட்டில் இருக்கும்போது நீங்கள் அங்கே நிறுத்தினால், நீங்களும் நன்றாக நடக்கிறவர்தான். அன்றைக்கு யாராவது உங்களைப் போட்டோ எடுத்திருந்தால்? உள்ளே இருக்கும் அவரை அழைத்துப்போக வருகிறீர்கள் என்றால் தாராளமாக நிறுத்துங்கள். அவர் ஏசி போட்டுக்கொண்டு காரிலேயே இருக்கப்போகிறார், நீங்கள் மட்டும் ஓடிப்போய் எண்ணெய் பாக்கெட் வாங்கப்போகிறீர்கள் என்றால், அந்த அகலமான இடத்தை இறங்கப்போகிற இன்னொருவருக்கு விட்டுவிடலாம். இதற்குச் சட்டப் பிரிவு எதுவும் கிடையாது, என் கருத்துதான்.

நீங்கள் நேராகக் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஒரே ஒரு கட்டம், இந்தப் பக்கம் உங்கள் மனைவி, அந்தப் பக்கம் அந்தப் பையன். யாருக்கு? இருவரும் மாற்றுத்திறனாளிகள், சட்டம் யாரையும் மேலே வைக்கவில்லை, முதலில் வந்தவருக்குத்தான். என் மனதைக் கேட்டால், அகலம் தேவைப்படுகிறவர் வேறு எங்கேயும் இறங்கவே முடியாது என்பதால் அவருக்கு விட்டுக்கொடுக்கலாம் என்பேன். பையனைப் பக்கத்துக் கட்டத்திலும் பத்திரமாக இறக்கலாமே. "எங்களுக்கு இடம் பத்தாதும்மா, கொஞ்சம் மாத்தி விட முடியுமா?" என்று கேட்டிருந்தால் அந்தத் தாய் மாட்டேன் என்றிருப்பாரா? உங்களுக்குத்தான் தெரியும்.

கேட்க வேண்டியது கடையை

உங்கள் கடிதத்தில் எனக்கு வியப்பாக இருந்தது ஒன்று. வருடக்கணக்கில் வேனும் கிரேட்டும் நின்றதற்கு செக்யூரிட்டியிடம் ரெண்டு நிமிஷம் பேசியதோடு சரி. ஒரே ஒரு நாள் நின்ற பெண்ணுக்கு முக்கால் மணி நேரம். இந்த வழக்கில் எதிர்க்கட்சி யார் என்று கேட்டால், கட்டம் வரைந்துவிட்டு அதைக் கோடவுனாக்கிய கடைதான் என்பேன்.

தனியார் கடைதானே, சட்டம் என்ன செய்யும் என்று நினைக்க வேண்டாம். 2016 சட்டத்தில் பொதுக் கட்டடம் என்றால் அரசுக் கட்டடம் மட்டுமல்ல, பொதுமக்கள் வந்துபோகும் தனியார் வணிகக் கட்டடமும்தான். பழைய கட்டடங்களையும், அந்தச் சட்டத்தின்கீழ் விதிகள் வந்த 5 வருடத்துக்குள் மாற்றுத்திறனாளிகள் புழங்கும்படி மாற்ற வேண்டும் என்கிறது 45வது பிரிவு. விதிகள் வந்தது 2017 ஜூனில். கெடு 2022 ஜூனில் முடிந்துவிட்டது. புதுக் கட்டடமாக இருந்தால் 44வது பிரிவுப்படி இந்த வசதிகள் இல்லாமல் நிறைவுச் சான்றிதழே கொடுக்கக் கூடாது. சட்டத்தை மீறினால் 89வது பிரிவில் முதல் தடவை 10,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த தடவை 50,000இலிருந்து 5 லட்சம் வரை அபராதம்.

இங்கே கடையின் வக்கீல் ஒரு கேள்வி எழுப்பலாம். ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8ஆம் தேதி கொடுத்த தீர்ப்பில், அந்த 2017 விதிகளில் கட்டட வசதி பற்றிய 15(1) விதி வெறும் ஆலோசனை மாதிரி இருக்கிறது, சட்டம் கேட்பது கட்டாய விதி என்று சொல்லி அந்த விதியை ரத்து செய்தது. கட்டாய விதிகளை 3 மாதத்தில் உருவாக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. "விதியே போய்விட்டது, எங்களுக்கு என்ன கட்டாயம்" என்று அவர் கேட்டால், தீர்ப்பு கடைகளை இறுக்குவதற்காக வந்ததே தவிர அவிழ்த்துவிட அல்ல என்று பதில் சொல்ல வேண்டும். மனுவில் 3.6 மீட்டரை மட்டும் நம்பி எழுதாமல், சட்டப் பிரிவுகளோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019ஐயும் சேர்த்து எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

செய்ய வேண்டிய வரிசை இது. முதலில் கடையின் மேனேஜருக்கு எழுத்தில் ஒரு கடிதம், பதிவுத் தபாலில். மூன்று வெவ்வேறு நாளில் எடுத்த படங்களை இணையுங்கள். வேனும் கிரேட்டும் மட்டும் தெரியட்டும், மனித முகம் ஒன்றும் வேண்டாம். பதினைந்து நாளில் பதில் இல்லை என்றால் நகராட்சிக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அந்தக் கட்டடத்துக்கு அனுமதித்த வரைபடத்தில் பார்க்கிங் எங்கே, எத்தனை இடம், மாற்றுத்திறனாளிகளுக்கு எது என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். கடை நகராட்சி எல்லைக்கு வெளியே இருந்தால் அந்த ஊராட்சியிடம் கேளுங்கள். இந்த ஒரு காகிதம் பல நேரம் போலீஸ் செய்யாததைச் செய்யும். வரைபடத்தில் பார்க்கிங் என்று காட்டிய அடித்தளம் நேரில் போய்ப் பார்த்தால் அரிசி மூட்டை அடுக்கிய கிடங்காக இருக்கும். அது தெரிந்துவிட்டால் கடைக்காரர் உங்களைத் தேடி வருவார்.

அடுத்து, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டம். மனுவின் நகலை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள். அங்கேயும் நகரவில்லை என்றால் சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். அவருக்கு ஆட்களை அழைத்து விசாரிக்க சிவில் நீதிமன்ற அதிகாரம் உண்டு. அவர் ஓர் அதிகாரிக்குப் பரிந்துரை செய்தால், என்ன செய்தோம் என்று 3 மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

மனுவை உங்கள் பெயரில் போடாமல் உங்கள் மனைவி பெயரிலேயே போடுங்கள். வலது கை நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அவரே கையெழுத்துப் போடட்டும். மாற்றுத்திறனாளி என்பதாலும் பெண் என்பதாலும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் அவருக்கு இலவசமாக வக்கீல் கிடைப்பார், உங்கள் பென்ஷன் எவ்வளவு என்று கேட்கமாட்டார்கள். 15100க்கு போன் செய்தால் வழி சொல்வார்கள்.

போலீஸ்? கடைக்கு வெளியே ரோட்டில் மறித்து நிற்கும் வண்டிக்கு டிராஃபிக் போலீஸ் கேஸ் போடலாம். கடையின் சொந்த வளாகத்துக்குள் என்றால், அது மோட்டார் வாகனச் சட்டம் சொல்லும் பொது இடமா இல்லையா என்பதிலேயே வக்கீல்கள் இரண்டு பக்கமும் நின்று வருடக்கணக்கில் பேசலாம். உங்களுக்கு அது வேண்டாம். அந்த ஆசிரியைமீது வழக்கு என்ற பேச்சும் வேண்டாம். போட வழியும் இல்லை, காரணமும் இல்லை. இன்னும் சொல்லப்போனால், மேனேஜருக்கு எழுதும் கடிதத்தில் அவர் கையெழுத்தும் சேர்ந்தால் உங்கள் மனுவுக்குத்தான் பலம். வருத்தம் தெரிவிக்கப் போகும்போதே இதைக் கேட்காதீர்கள், அது வியாபாரம் மாதிரி ஆகிவிடும். கொஞ்ச நாள் போகட்டும்.

அதுவரைக்கும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வேண்டாம். வார நாளில் காலை பத்து மணிக்குப் போங்கள், கூட்டம் இருக்காது, தக்காளியும் அப்போதுதான் இறங்கியிருக்கும். கிளம்புவதற்கு முன் மேனேஜருக்கு போன் செய்து, கட்டத்தைக் காலி செய்து வைக்கச் சொல்லுங்கள். போய்ச் சேர்ந்ததும் அவரை வெளியே வரச் சொல்லி, அம்மா இறங்கி நாற்காலியில் உட்காரும்வரை பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். அம்மாவுக்குச் சம்மதம் என்றால் மட்டும்.